பதினோரு பிரதிகளுக்குக் கட்டம் இல்லை

குமரவேல் இறந்துபோய் மூன்றாவது மாதம், ஆவணி பிறந்த வாரத்தில், ஒருவர் குடையும் தோல்பையுமாக நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். கேட்டது ஒரே கேள்விதான். "உங்க வீட்டுக்கு வர்ற பேப்பருக்குக் காசு கொடுக்கறது யாரு?"

ராயப்பன் என்று பெயர். எந்தப் பத்திரிகைக்கும் வேலை செய்கிறவர் இல்லை. பத்திரிகைக்காரர்கள் சொல்லும் விற்பனை எண்ணிக்கை உண்மையா என்று பார்த்துச் சொல்ல வெளியிலிருந்து அனுப்பப்படுகிறவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படி யாராவது வருவார்கள். விளம்பரம் கொடுக்கிறவர்கள் இவர்கள் சொல்லும் எண்ணிக்கையைத்தான் நம்புவார்கள். வாசகர் காசு கொடுத்து வாங்கியது ஒரு கணக்கு, சும்மா போனது ஒரு கணக்கு. சும்மா போனதை விற்றதாகக் காட்டியிருந்தால் அது பெரிய தப்பு.

குமரவேலின் மனைவி மலர்விழிக்கு அவர் வந்திருப்பது தெரியும். அவள் பயப்படவில்லை. 'நாளோசை' பத்திரிகை ஆபீசுக்கு ஏஜென்டாகக் கட்ட வேண்டியதைக் குமரவேல் ஒரு மாதமும் தள்ளிப்போட்டதில்லை. அவன் போன பிறகு அவளும் தள்ளவில்லை. விடியுமுன் மெயின் பஜாரில் வேன் இறக்கிப்போடும் பேப்பர்க் கட்டை எடுத்துப் பிரித்து, அவனுடைய டிவிஎஸ் வண்டியிலேயே ஐந்து பிளாக்குகளுக்குப் போட்டுவிட்டு வருகிறாள். ஏஜென்சி இன்னும் செத்தவன் பெயரில்தான் இருக்கிறது. இந்தச் சோதனை முடிந்ததும் அவள் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது வந்துவிட்டால் போதும். மகள் இசைப்பிரியா பன்னிரண்டாம் வகுப்பு. குடியிருப்பது இந்திரா நகரில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதி. வேறு எந்த வருமானமும் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் இளவழகன் வந்தான். நாளோசையின் விற்பனைப் பிரிவு ஆள், கடலூர் ஆபீஸ். குமரவேலின் சாவுக்கு மாலையோடு வந்து கடைசிவரை நின்றவன். இன்று செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"அக்கா, உக்காருங்க."

"என் வூட்டுக்கு வந்து என்னையே உக்காரச் சொல்றீங்க. சொல்லுங்க சார், இன்னா?"

"பதினோரு வீட்ல காசு கொடுக்கறதில்லன்னு சொல்லியிருக்காங்க."

"பாக்கி வெச்சிருப்பாங்க. மூணு மாசமா நான் எல்லா வூட்லயும் சரியா வசூல் பண்ணல. வாங்கிடலாம்."

"பாக்கி இல்லக்கா. கொடுக்கறதே இல்ல. யார் கொடுக்கறதுன்னு கேட்டா பதினோரு பேரும் ஒரே பதிலச் சொல்றாங்க. கம்பெனி கொடுக்குதாம்."

"எந்தக் கம்பெனி?"

"இந்த ஊர்ல எத்தனை கம்பெனி இருக்கு? சுரங்கக் கம்பெனிதான். தண்ணி கொடுக்குது, கரண்ட் கொடுக்குது, பேப்பரும் கொடுக்குதுன்னு சொல்றாங்க. நான் நேத்து நிர்வாக ஆபீஸ்ல போய்க் கேட்டேன். அப்படி ஒண்ணே கிடையாதுன்னுட்டாங்க. சிரிக்கிறாங்க என்னப் பாத்து."

அவன் பையிலிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்து மேஜையில் விரித்தான். தாள் முழுக்கக் கட்டங்கள். விரலை வைத்து வைத்துச் சொன்னான். வாசகர் காசு கொடுத்தது இங்கே. விளம்பரம் கொடுத்தவருக்குச் சாட்சிக்கு அனுப்புவது இங்கே. கல்லூரி, ஓட்டல் என்று யாராவது மொத்தமாக வாங்கிச் சும்மா கொடுப்பது இங்கே. விற்காமல் திரும்பி வந்தது இங்கே. ஏஜென்ட் வீட்டுக்கு என்று போகும் இனாம் பிரதிக்கும் ஒரு கட்டம். இந்த வீட்டுக்கு வருவது அதுதான்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு பாருங்க. அண்ணனோட பதினோரு காப்பிக்குக் கட்டமே இல்ல. படிக்கிறவங்க காசு கொடுக்கல. கம்பெனியும் கொடுக்கல. ஆனா எங்க ஆபீசுக்குப் பணம் வந்திருக்கு, வித்த காப்பின்னு. அப்ப அது அண்ணன் கையிலேருந்துதான் வந்திருக்கணும்."

"அவர் எதுக்குக் குடுக்கணும்?"

இளவழகன் சுவரைப் பார்த்தான். அங்கே நாளோசையின் பெயர் பொறித்த கடிகாரம் மாட்டியிருந்தது. போன வருடம் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிய ஏஜென்டுகளுக்குக் கொடுத்த பரிசு. குமரவேல் அதை வாங்கிவந்த அன்று ஆணி அடிக்கும் இடத்தை மூன்று முறை மாற்றினான்.

"சில பேர் அப்படிச் செய்வாங்கக்கா. ஆள் இல்லாத வீட்டுக்கெல்லாம் போட்டு எண்ணிக்கைய ஏத்துவாங்க. அண்ணன் அப்படின்னு நான் சொல்லல. ஆபீஸ் அப்படித்தான் சொல்லும்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு வழியையும் சொன்னான். ராயப்பன் சார் வெள்ளிக்கிழமை இங்கேயே வருவார். மலர்விழி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி தருவதாகச் சொல்லி அந்த வீடுகளை என் கணவர் ஏமாற்றிவிட்டார், எனக்கு எதுவும் தெரியாது. இவ்வளவுதான். தப்பு பழைய ஏஜென்டோடு போய்விடும். புது ஏஜென்ட் சுத்தம். எழுதிக் கொடுக்காவிட்டால் குமரவேல் பெயரில் இருக்கும் ஏஜென்சியை ரத்து செய்துவிட்டு வேணுவுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வேணு, 'வைகறைச் செய்தி' ஏஜென்ட். அதே ஐந்து பிளாக்குகளில் அந்தப் பேப்பரைப் போடுகிறவன்.

"வேணு கேட்டாரா?"

"ஆபீஸ் கேட்டுது. அவர் மாட்டேன்னு சொல்லல."

இளவழகன் போன பிறகு, உள்ளே படித்துக்கொண்டிருந்த இசைப்பிரியா வெளியே வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"போட்டுடும்மா. அப்பா கோச்சிக்க மாட்டாரு."

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலதான்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

மலர்விழிக்குக் கோபம் வந்தது. மகள்மேல் அல்ல. பத்தாவது முடித்த லீவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் ஊட்டிக்குப் போனபோது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்டா என்று இவளை நிறுத்திவைத்த மனிதன் அவன். பதினோரு வீட்டுக்குத் தினமும் சும்மா பேப்பர் போட அவனால் முடிந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இந்த வீட்டில் பேசியதில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிடலாமா என்று எழுந்தாள். ஸ்டூல் எடுக்கப் போய், அப்படியே அடுப்படியில் நின்றுவிட்டாள்.

மறுநாள் பேப்பர் போடும் லைனை முடித்துவிட்டு நேராகக் கஸ்தூரியம்மாளின் குவார்ட்டர்சுக்குப் போனாள். இளவழகன் சொன்ன பதினோரு வீட்டில் அவள் முகம் பார்த்துப் பேசக்கூடிய வீடு அது ஒன்றுதான். வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஆபரேட்டராக இருந்தவர். போன தை மாதம் நெஞ்சுவலியில் போனார். ரிடையர் ஆக இன்னும் இரண்டு வருடம் இருந்தது. 'தானே' புயலில் சாய்ந்த முன்பக்கத்துப் பலாமரத்தை வெட்டிப்போட்ட அடிக்கட்டைமேல் கஸ்தூரியம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் அன்றைய பேப்பர் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"வா வா. நீதானா இப்பப் போடறது? அதான் பார்த்தேன். தொப்புனு வந்து வியுது, நாய் எழுந்து கொலைக்குது. உன் வூட்டுக்காரரு இருந்த வரைக்கும் சத்தமே கேக்காது. பூன மாதிரி வந்து கேட்ல சொருவிட்டுப் பூடுவாரு."

மலர்விழிக்கு அது ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இணைப்புப் புத்தகம் செருகுவதற்காக அவள் பின்னால் உட்கார்ந்து போவாள். எல்லா வீட்டுக்கும் ஓடுகிற வண்டியிலிருந்தே வீசுகிறவன், சில வீடுகளில் மட்டும் இஞ்சினை நிறுத்தி, இறங்கிப் போய் வைத்துவிட்டு வருவான். எதுக்கு எறங்கி எறங்கி ஏர்ற, பெட்ரோல் போவுது என்று இவள் திட்டியிருக்கிறாள். அந்த வூட்ல சத்தம் ஆவாது என்பான். வயசானவர்கள் தூங்குகிறார்கள் போல என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

"அம்மா, பேப்பர் கம்பெனி குடுக்குதுன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு? எங்க வூட்டுக்காரரா?"

"அவரு எங்க பேசனாரு? நான்தான் கேட்டேன். காரியம் முடிஞ்ச மாசம், பில்லு எவ்ளோ தம்பின்னேன். அதப்பத்தி நீங்க கவலப்படாதீங்கம்மான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு பூட்டாரு. அடுத்த மாசமும் அதேதான். அப்பதான் புரிஞ்சுது எனக்கு."

"இன்னா புரிஞ்சுது?"

"கம்பெனிதான்னு. வேற யாரு குடுப்பா? முப்பது வருசம் மூணு ஷிப்டும் பார்த்த மனுசன். டீ வெச்சி பேப்பர் விரிச்சாதான் அவருக்குப் பொழுது விடியும். அது ஆபீஸ்ல தெரியாமலா இருக்கும்? ஆஸ்பத்திரியில பின்னாடி பிளாக் சாமியம்மாளப் பாத்தேன், அதுக்கும் வருதாம், அதுவும் தாலி அறுத்தவதான். அப்ப செத்தவங்க வூட்டுக்கெல்லாம் குடுக்கறாங்கன்னு தெரிஞ்சிபோச்சி. நாலு பேர்கிட்ட சொன்னேன்."

கீரையை முறத்தில் தள்ளிவிட்டு அவள் பேப்பரை எடுத்து மண் தட்டினாள். தலைகீழாகத்தான் பிடித்திருந்தாள். படத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் இது வரட்டும். பையனுக்கு அப்பா வேலைய கேட்டு மனு குடுத்திருக்கோம். குவார்ட்டர்ஸ இந்த மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மருமவ சொல்றா, அவ்ளோதான் அத்த, கம்பெனி நம்மள மறந்திடுச்சின்னு. மறந்திருந்தா பேப்பர் எப்பிடிடி வரும்னு கேட்டேன். வாயடச்சிபோச்சி அவளுக்கு. பேப்பர் வர்ற வரைக்கும் அவரு பேரு ஆபீஸ்ல எங்கியோ இருக்குது. இல்லியா?"

மலர்விழி கீரைக் காம்புகளைப் பொறுக்கினாள். கம்பெனி இல்லை, என் புருசன்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஏன் கொடுத்தான் என்று கேட்டால் அதற்குப் பதில் அவளிடம் இல்லை. எண்ணிக்கைக்கா, கடிகாரத்துக்கா? கம்பெனி என்று இந்த அம்மாள் தப்பாக நினைத்தது தெரிந்தும் அப்படியே விட்டுவிட்டானா? ஏமாற்றுவது என்றால் அதுவும்தானே?

"நாளைலேர்ந்து சத்தமில்லாம போடறேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை விடிகாலை மெயின் பஜாரில் வேனுக்குக் காத்திருக்கும்போது அவளே வேணுவிடம் போனாள். இறக்கிய கட்டின்மேல் ஒரு காலை ஊன்றி அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். குமரவேலுக்கு அவன் தூரத்துப் பங்காளி முறை. இருவருக்கும் சொந்த ஊர் திருவதிகைப் பக்கம். பேப்பரில் மட்டும் எதிரெதிர்.

"இன்னா வேணு, வாழ்த்து சொல்லலாமா?"

"எதுக்கு அண்ணி?"

"ரெண்டு பேப்பரு ஏஜென்டா ஆவப்போறியாமே."

வேணு டீயைக் கீழே வைத்தான். "குடுத்தா வாணாம்னு சொல்ல மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. நானா போய்க் கேக்கல. அத மட்டும் தெரிஞ்சிக்கோ."

"பதினோரு வூட்டுக்கு அவரு சும்மா போட்டது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? சாவு வூட்டுக்கு நாங்க எல்லாருமே போடுவோம். பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் பில்லு கிடையாது. வீசறதும் கிடையாது. ஏற்கெனவே எதுனா சத்தம் கேட்டாலே போனவருதான் திரும்பி வந்துட்டாருன்னு எழுந்து ஓடி வருவாங்க. வண்டிய நிறுத்தி, சத்தமில்லாம சொருவிட்டு வந்துடணும். இது லைன் வழக்கம். எங்களுக்கு முன்னாடி போட்டவங்க காலத்துலேர்ந்து இருக்குது."

"பதினாறு நாள் சரி. அவரு மாசக்கணக்கா போட்டிருக்காரே?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஏன்டா, பதினேழாம் நாள் பில்லு போட வேண்டிதானன்னு. துக்கம் முடிஞ்சிதான்னு கதவத் தட்டிக் கேக்கச் சொல்றியாடான்னான். முடிஞ்சா அவங்களே கூப்புட்டு சொல்லுவாங்க, அன்னிக்கு பில்லு போட்டுக்கறேன்னான். எவன் கூப்புட்டு சொல்லுவான்? உன் புருசன் ஒரு பைத்தியம் அண்ணி."

அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் அடுத்த நிமிடமே வேறொரு கணக்கும் ஓடியது. மூன்று மாதமாகத் தனியாக ஊரைச் சமாளித்ததில் வந்த புத்தி.

"நல்லா சொன்ன வேணு. நீ சொல்றத நம்பினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் போடலைன்னா ஏஜென்சி உனக்கு. பலே."

வேணுவின் முகம் செத்துப்போனது.  குனிந்து கட்டின் கயிற்றை அறுத்தான். அறுக்கும்போது சொன்னான்: "அப்ப கையெழுத்து போடு. போ."

அன்று முழுவதும் அவள் அந்தத் தாளை எழுதி எழுதிப் பார்த்தாள். என் கணவர் குமரவேல் என்று தொடங்கி ஏமாற்றிவிட்டார் என்று முடிக்க வேண்டும். அவளுக்கு நன்றாகவே எழுத வரும். மேல்பட்டாம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். இதை எழுதுவதிலும் கஷ்டம் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளை உறுத்தியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கையெழுத்தைத் தவிர எல்லாம் எழுதி முடித்து, தாளைக் கடிகாரத்தின் பின்னால் செருகி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் லைனை முடித்து வரும்போது ராயப்பனும் இளவழகனும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ராயப்பன் நினைத்ததைவிட வயதானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வீட்டின் முன்னால் இருந்த இரும்புக் கிரில்லைப் பார்த்தபடி இருந்தார். கிரில் கம்பிகளுக்கு நடுவே, நெஞ்சு உயரத்தில், ஒரு பேப்பர் செருகியிருந்தது. வைகறைச் செய்தி.

"ஏஜென்ட் வீட்ல எதிராளி பேப்பரா?" என்று ராயப்பன் சிரித்தார். "இதுக்குக் காசு யார் கொடுக்கறது?"

கேட்டுக் கேட்டு அவருக்கு அது வாய்ப்பழக்கம் ஆகிவிட்டிருந்தது.

"இது எங்களுது இல்ல சார். மாடி வூட்டுக்கு வருது. தப்பா கீழ வெச்சிட்டுப் போறாங்க. நான் எடுத்துப் படிக்கட்டுல வெச்சிடுவேன்." அவள் வழக்கம்போல அதை உருவிப் படிக்கட்டில் வைக்கப் போனாள்.

மாடியிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தாள். பெயர்தான் பாப்பா, நாற்பது வயது. "எங்களுக்கா? நாங்க எந்தப் பேப்பரும் வாங்கறது இல்லியே. நீங்கதான் படிச்சிட்டு எங்களுக்கு வெக்கறீங்கன்னு நெனச்சிக்கினு இருக்கோம். எங்க வூட்டுக்காரரு கூட சொன்னாரு, பாவம், அந்தக் கஷ்டத்துலயும் நமக்கு ஒரு பேப்பர் வெக்கிதேன்னு."

"எப்பலேர்ந்து வருது?" என்று மலர்விழி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்துன்னா..." பாப்பா சொல்லத் தயங்கினாள். "அண்ணன தூக்கிக்கினு போனோமே. அதுக்கு மறுநாள்லேர்ந்து."

மலர்விழி பேப்பரைத் திருப்பிப் பார்த்தாள். கொட்டை எழுத்துச் செய்தி உள்பக்கம் போகும்படி மடித்திருந்தது. கீழே கிடந்ததே இல்லை. மழை பெய்த நாட்களிலும் நனைந்ததில்லை. பதினாறு நாள் எப்போதோ கடந்துவிட்டது. காரியம் முடிந்து, பச்சைப் பந்தலைப் பிரித்து, வந்த சொந்தமெல்லாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. வேணு இன்னும் வண்டியை நிறுத்தி, இறங்கி, செருகிவிட்டுப் போகிறான். துக்கம் முடிந்ததா என்று கதவைத் தட்டிக் கேட்கவில்லை. கஸ்தூரியம்மாள் கம்பெனி என்று நினைத்தாள். தானோ மாடி வீடு என்று நினைத்திருக்கிறாள். நேற்று அவனைப் பார்த்துப் பலே என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். இளவழகன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அக்கா, அந்தத் தாள்?"

"எழுதிட்டேன் சார். தர மாட்டேன்."

"அக்கா..."

"பதினோரு வூட்டுக்கும் என் வூட்டுக்காரர்தான் குடுத்தாரு. அவர் காசு. கம்பெனி குடுக்குதுன்னு அவர் சொல்லல. அவங்களா நெனச்சிக்கிட்டாங்க, அவர் இல்லைன்னு சொல்லல. எல்லாம் சாவு விழுந்த வூடு, பில்லு கேக்கக் கூடாதுன்னு குடுத்தாரு. அவ்ளோதான்."

ராயப்பன் பேனாவைத் திறந்தார். "எண்ணிக்கை காட்டறதுக்காக இல்லன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

அவள் கையிலிருந்த வைகறைச் செய்தியை மேஜைமேல் வைத்தாள். "இத எனக்குப் போடறவருக்கு நான் எந்த எண்ணிக்கையிலயும் வர மாட்டேன் சார். நேத்து மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசிட்டு வந்தேன். இன்னிக்கும் வெச்சிருக்காரு."

 இளவழகன்தான் பொறுக்க முடியாமல் சொன்னான். "செத்தவருக்கு இதனால என்னக்கா போவுது? உங்களுக்குப் பொண்ணு இருக்கு. நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"அவருக்கு ஒண்ணும் போவல. அத எழுதிக் குடுத்துட்டு நான் இந்தப் பேப்பரத் தூக்கிக்கினு அந்த வூடுங்க முன்னாடி போவணுமே சார்."

ராயப்பன் அந்தக் கட்டம் போட்ட தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வாசகர் காசு தராத பிரதி. நான் இப்படித்தான்மா எழுத முடியும். விற்பனையில சேராது. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"சாவு வூட்டுக்குப் போட்டதுன்னு எழுத எடம் இல்லியா?"

"கட்டம் இல்லம்மா. ஓரத்துல குறிப்புன்னு ரெண்டு விரல் அகலம் இருக்கு." அவர் யோசித்தார். பிறகு அந்த ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் கேட்கவில்லை. எழும்போது அவர் அந்த வைகறைச் செய்தியைத் தொட்டு, "இது எந்தக் கட்டம்னு நான் கேக்கலம்மா, நான் பாக்க வந்தது நாளோசையை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஏஜென்சி வேணுவுக்குப் போனது. அவளுடைய கடைசி நாள் கட்டிலேயே ஆபீஸ் அந்தப் பதினோரு பிரதிகளைக் குறைத்துவிட்டது. இசைப்பிரியா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வீட்டுப் பக்கத்திலிருக்கும் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஷெட்டில் ஆள் எடுக்கிறார்களாம் என்று மட்டும் சொன்னாள். மலர்விழி சரி என்றாள்.

வேலை இல்லாத முதல் விடியலில் அவளுக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. எழுந்து கிரில்லுக்கு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் ஒரு வண்டி வந்தது. நின்றது. செருப்புச் சத்தம் அடங்கி அடங்கி வந்தது. ஒரு கை கம்பிக்குள் நுழைந்தது.

"வேணு."

அவன் திடுக்கிட்டுப்போனான். இன்று இரண்டு பேப்பர் இருந்தது கையில்.

"நாளைலேர்ந்து வீசிட்டுப் போ. மாசக் கடைசியில பில்லு எடுத்துக்கினு வா."

"சரி அண்ணி."

"நெசமாத்தான் சொல்றேன். அன்னிக்கு நான் பேசனதுக்கு..."

"அத வுடு. லைன்ல ரெண்டு பிளாக் நீ பாத்துக்கறியா? என்னால எல்லாம் முடியல."

அவள் கம்பி வழியாக இரண்டு பேப்பரையும் வாங்கிக்கொண்டாள். "அந்தப் பதினோரு வூடு?" என்றாள்.

வேணு தலையைச் சொறிந்தான். "கட்டுல இல்லியே அண்ணி. நானும் எத்தினிக்குக் குடுப்பேன்?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. வண்டி கிளம்பிப் போன பிறகு அவள் இரண்டு பேப்பரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளோசையை மகளுக்கு என்று உள்ளே வைத்தாள். வைகறைச் செய்தியை அதேபடி மடித்து எடுத்துக்கொண்டு, குமரவேலின் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைவரை போய், அங்கே ஸ்டார்ட் செய்தாள். குவார்ட்டர்ஸ் காலியாகும் மாசக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மற்ற பத்து வீடுகளும் மனதில் ஓடின. கையில் இருந்தது ஒன்றுதான்.

ஷிப்டு சங்கு ஊதியபோது அவள் கஸ்தூரியம்மாளின் பிளாக்கில் இருந்தாள். இரண்டு வீடு தள்ளியே இஞ்சினை நிறுத்திவிட்டு, நடந்து போய், கேட்டில் செருகினாள். வாசலில் கட்டிப்போட்ட நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வீட்டுக்குள் பாதி சாமான்கள் மூட்டையாகக் கட்டியிருந்தன. கஸ்தூரியம்மாள் பலாக்கட்டைமேல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை.

"நேத்து வரல" என்றாள். "மருமவ சிரிச்சா."

"நேத்து வண்டி வரலம்மா."

கஸ்தூரியம்மாள் எழுந்து வந்து பேப்பரை எடுத்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் விரித்து, படத்தைப் பார்த்து நேராக்கி, மேலே இருந்த பெயரின்மேல் விரலை ஓட்டினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் எட்டு மாதம் தினமும் பார்த்த எழுத்தின் உருவம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இது வேற மாதிரி இருக்குதே. கம்பெனியில பேப்பர மாத்திட்டாங்களா?"

மலர்விழி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "மாத்திட்டாங்க."